வீட்டில் செய்ததை விற்க மாதம் ஒரு சந்தை: நாங்கள் நடத்தும் விதம்

எங்கள் முதல் சந்தையில் 17 பேர் கடை போட்டோம். காலை 10 மணியிலிருந்து மாலை 6 மணி வரை உட்கார்ந்திருந்தும் வந்தவர்கள் 40 பேரைத் தாண்டவில்லை. அதிலும் பாதிப் பேர் எங்கள் சொந்தக்காரர்கள். அன்றைக்கு வளர்பிறை முகூர்த்தம். திருச்சியில் எந்த மண்டபத்தைப் பார்த்தாலும் கல்யாணம். மணப்பாறையிலிருந்து முறுக்கு கொண்டுவந்த அக்கா, கொண்டுவந்த இரண்டு தூக்கையும் முக்கால்வாசி அப்படியே எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். "பரவாயில்ல பாப்பா, அடுத்த தடவ பாப்போம்" என்றார். நாள் பார்க்காமல் அவரை வரச் சொன்னது நான்.

அது 2022இல். இப்போது மாதம் ஒரு நாள், 30 மேசை. உறையூர், ஸ்ரீரங்கம், மண்ணச்சநல்லூர், முசிறி, தொட்டியம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து பெண்கள் வருகிறார்கள். பொடி, ஊறுகாய், வத்தல், முறுக்கு, வாழைநார்ப் பை, தைத்த ரவிக்கை, பழைய புடவையில் செய்த மிதியடி எல்லாம் விற்கிறது. உங்கள் ஊரிலோ தெருவிலோ இப்படி ஒன்று தொடங்க நினைக்கிறீர்களா? நாங்கள் செய்து பார்த்ததில் எது நின்றதோ அதை எழுதுகிறேன்.

சந்தை வைப்பதற்கு முன்பு 11 வருடம் ஒரு மகளிர் சுய உதவிக் குழுவில் ஊக்குநராக இருந்தேன். 1989இல் தருமபுரியில் தொடங்கி தமிழ்நாடு முழுக்கப் பரவிய அந்தக் குழுக்கள் எங்களுக்குச் சேமிக்கக் கற்றுக்கொடுத்தன, கடன் வாங்கித் தவணை தவறாமல் கட்டக் கற்றுக்கொடுத்தன. கடனில் கிரைண்டர் வந்தது, தையல் மெஷின் வந்தது. செய்த பொருளை எங்கே கொண்டுபோய் விற்பது என்பதில்தான் எல்லாரும் நின்றோம். கடையில் கொடுத்தால் ஒரு மாதம் கழித்துத்தான் பணம், அதுவும் அவர்கள் வைத்த விலை. வீட்டு வாசலில் விற்றால் தெருவில் நான்கு பேர், அவர்களும் கடன் சொல்வார்கள். நேரில் நின்று, முகம் தெரியாத ஆளிடம், தன் விலையைத் தானே சொல்லி, கையில் பணம் வாங்குவதற்கு ஒரு இடம் வேண்டும். அதற்குத்தான் இந்தச் சந்தை.

நாளும் இடமும்

தினசரி காலண்டரைப் புரட்டி முகூர்த்த நாள்களை முதலில் அடித்துவிடுங்கள். மீதி இருப்பதில் மாதத்தின் முதல் ஞாயிறு நல்லது. சம்பளம் வந்து கையில் காசு இருக்கும். முதல் ஞாயிறு முகூர்த்தமாக வந்தால் இரண்டாம் சனிக்கிழமைக்குத் தள்ளுங்கள். மூன்றாம், நான்காம் வாரத்துக்குப் போகவே வேண்டாம். நாங்கள் ஒரு தடவை 24ஆம் தேதி வைத்தோம். வந்தவர்கள் எல்லாம் எடுத்துப் பார்த்தார்கள், நல்லா இருக்கு என்றார்கள், வைத்துவிட்டுப் போனார்கள்.

ஆடியிலும் மார்கழியிலும் மண்டபங்கள் சும்மா கிடக்கும். மற்ற மாதம் வாடகையில் ஒரு ரூபாய் குறைக்காதவர்கள் அப்போது பாதிக்குத் தருவார்கள். சித்திரை, வைகாசியில் திருச்சி வெயிலில் பகல் சந்தை நடக்காது. மாலை 4 மணிக்கு ஆரம்பித்து 9 மணிக்கு முடியுங்கள். தீபாவளிக்குப் பட்சண ஆர்டர் எடுக்க மூன்று வாரம் முன்பே ஒரு சந்தை வேண்டும். ஆனால் வருடத்திலேயே பெரிய வியாபாரம் எங்களுக்கு நவராத்திரிக்கு முன்புதான். கொலு வைக்கிற வீட்டில் வருகிற பெண்களுக்குத் தாம்பூலத்தோடு ஒரு சின்னப் பொருள் வைத்துக் கொடுப்பார்கள் இல்லையா, அதற்கு ஒரே மாதிரி 25, 50 என்று வாங்குவார்கள். குங்குமச் சிமிழ், சுருக்குப் பை, சின்னக் கைப்பை, 50 கிராம் பொடிப் பாக்கெட், எல்லாம் போகும். தனித்தனியாக 50 பேரிடம் பேசி விற்பதை ஒரே அம்மாவிடம் விற்றுவிடலாம். அதனால் ஆவணியிலேயே கூட்டம் போட்டு, 20 ரூபாய்க்கும் 60 ரூபாய்க்கும் இடையில் ஒவ்வொருவரும் என்ன செய்ய முடியும் என்று பேசி முடித்துவிடுவோம்.

இடத்துக்கு நான் முதலில் பார்ப்பது பெண்கள் கழிப்பறை. கடை போடுகிறவள் 9 மணி நேரம் அங்கே இருக்கப் போகிறாள். கழிப்பறை சரியில்லாத இடத்தில் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் நாளை ஓட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு அப்புறம்தான் பஸ் நிறுத்தம், வண்டி நிறுத்த இடம், ஃபேன், பிளக் பாயிண்ட். பள்ளிக்கூடமோ மாநகராட்சிச் சமுதாயக் கூடமோ கோயில் மண்டபமோ, எதுவானாலும் அனுமதியை எழுத்தில் வாங்கி வையுங்கள். வாயால் சொன்னவர் அன்று ஊரில் இல்லாமல் போனால் பூட்டிய கதவு முன்னால் 30 பேர் மூட்டையோடு நிற்க வேண்டியதாகிவிடும். எங்களுக்கு ஒரு தடவை அப்படி ஆனது.

செலவுக் கணக்கு இது. கூடத்துக்கு வாடகை 3,500, துப்புரவுக்கு 500, நோட்டீஸ் அச்சுக்கும் விநியோகத்துக்கும் 600, குடிதண்ணீர் கேன் 200. மொத்தம் 4,800. மேசைக்கு 200 வீதம் 28 மேசைக்கு 5,600 வரும். மிச்சம் 800 வங்கிக் கணக்கில் போகும். மூன்று பேர் கையெழுத்து இருந்தால்தான் எடுக்க முடியும். 30இல் இரண்டு மேசை எப்போதும் இலவசம், முதல் தடவை வருகிறவர்களுக்கு. மேசைப் பணத்தைப் புதன்கிழமைக்குள் வாங்கிவிடுங்கள். பணம் கட்டியவர் கட்டாயம் வருவார், "வரேன்க்கா" என்று வாயால் சொன்னவர் வராமல் போவார்.

விற்றதில் இவ்வளவு சதவீதம் என்று வாங்கலாமே என்று சிலர் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. சதவீதம் என்று வந்தால் விற்றதைக் குறைத்துச் சொல்லத் தோன்றும். எங்களுக்கு அந்தச் சில ரூபாயைவிட, அவள் உண்மையில் எவ்வளவு விற்றாள் என்ற கணக்குதான் முக்கியம்.

யார் கடை போடலாம்

1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தபோது, விளைவித்தவரே விற்க வேண்டும் என்று விவசாயிகளுக்கு அடையாள அட்டை கொடுத்தார்கள். அந்த யோசனையை அப்படியே எடுத்துக்கொண்டோம். எங்கள் சந்தையில் தானே செய்து விற்பவருக்கு மஞ்சள் அட்டை. மேசை முன்னால் அதை ஒட்டியிருக்க வேண்டும்.

வாங்கி விற்பவர்களை என்ன செய்வது என்று நிறைய வாக்குவாதம் நடந்தது. புடவை எடுத்துவந்து வீடு வீடாக விற்கிற பெண்ணுக்கும் அது உழைப்புதான். நல்ல புடவை எது என்று தேர்ந்தெடுத்து, தூக்கிச் சுமந்து, தவணைக்குக் கொடுத்து வசூலிக்கிறாள். அவளை வெளியே தள்ள எனக்கு மனம் இல்லை. ஆனால் அவர்களை எண்ணிக்கை இல்லாமல் விட்டால், சின்னக்கடை வீதியில் கிடைக்கிற கவரிங் நகையும் பிளாஸ்டிக் சாமானும் வந்து, நான்கு நாள் உட்கார்ந்து முடைந்த பைக்குப் பக்கத்தில் பாதி விலைக்கு நிற்கும். அதனால் வாங்கி விற்பவர்களுக்கு நீல அட்டை, மொத்தம் ஐந்து மேசை. அதற்கு மேல் இல்லை. வாடிக்கையாளருக்கும் எது கையால் செய்தது, எது வாங்கி விற்பது என்று தெரிந்துவிடும்.

ஒரே பொருளுக்கு இரண்டு மேசைதான். மூன்றாவது ஊறுகாய்க்காரர் வந்தால், "அக்கா, மாகாளிக் கிழங்கு போடுவீங்களா? நெல்லிக்காய் மட்டும் போடுவீங்களா?" என்று கேட்போம். அப்படித்தான் எங்களுக்கு மாகாளிக் கிழங்கு ஊறுகாய் கிடைத்தது. இப்போது அதற்கென்றே வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

புதிதாக வருகிறவர் வீட்டுக்கு நாங்கள் இரண்டு பேர் போய்வருவோம். தண்ணீர் எங்கிருந்து, எண்ணெய் என்ன, ஒரு தடவை காய்ச்சிய எண்ணெயை என்ன செய்கிறார், பாத்திரம் எங்கே காய்கிறது என்று பேச்சோடு பேச்சாகப் பார்ப்போம். குற்றம் கண்டுபிடிக்கப் போகிற மாதிரி போகக் கூடாது. ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டு வருகிற நேரத்தில் எல்லாம் தெரிந்துவிடும். சரியாக இல்லை என்றால் என்ன மாற்ற வேண்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டு வந்தால் அடுத்த மாதம் தானே கூப்பிடுவார்.

விலை: இதில்தான் அதிக நேரம் செலவிடுங்கள்

இட்லிப் பொடி விற்கும் ஒரு பெண் 100 கிராம் பாக்கெட்டை 35 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருந்தாள். எப்போதும் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். "நல்லா போகுதுக்கா" என்பாள். ஆனால் ஆறு மாதமாகியும் அவளால் இரண்டாவது மிக்ஸி வாங்க முடியவில்லை. ஒருநாள் அவளை உட்காரவைத்து ஒரு தாளில் எழுதினோம். அன்றைய விலைக்கு, ஒரு தடவை வறுப்பதற்கு:

உளுந்து 1 கிலோ 140, கடலைப்பருப்பு அரை கிலோ 50, மிளகாய் 250 கிராம் 60, எள் 200 கிராம் 50, பெருங்காயம், உப்பு எல்லாம் சேர்த்து 30. ஆக 330. இதில் 19 பாக்கெட் வரும். அவள் மனதில் இருந்த கணக்கு இவ்வளவுதான்: 330 போட்டு 665 எடுக்கிறேன், பாதிக்குப் பாதி லாபம்.

அப்புறம் கேட்டேன். கேஸுக்கு? 25 என்றாள். மில்லில் அரைக்கிற கூலி 30. கவரும் லேபிளும் பாக்கெட்டுக்கு 4 ரூபாய், 19 பாக்கெட்டுக்கு 76. ஆட்டோ, மேசைப் பணம், ருசி பார்க்கக் கொடுப்பது, இவற்றின் பங்கு 60. இப்போது 521 ஆகிவிட்டது. மீதி 144.

"வறுக்கிறது, ஆற வைக்கிறது, மில்லுக்குப் போறது, பாக்கெட் போடுறது, எவ்வளவு நேரம் ஆகும்?"

"நாலு மணி நேரம் ஆகும்க்கா."

144ஐ நான்கால் வகுத்துத் தாளில் எழுதினேன். மணிக்கு 36 ரூபாய். அவள் அந்த எண்ணையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "வீட்டு வேலைக்குப் போயிருந்தாக்கூட..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள்.

அவளுடைய ஒரு மணி நேரத்துக்கு 75 ரூபாய் என்று வைத்தோம். நான்கு மணிக்கு 300. 521உடன் சேர்த்தால் 821. 19ஆல் வகுத்தால் பாக்கெட்டுக்கு 43 ரூபாய் சொச்சம். அதாவது 35க்கு விற்றபோது ஒவ்வொரு பாக்கெட்டிலும் தன் கூலியிலிருந்து 8 ரூபாயை எடுத்து வாங்குகிறவர் கையில் கொடுத்திருக்கிறாள். விலையை 50 ஆக்கினோம். முதல் மாதம் 19இல் 14தான் விற்றது, அவளுக்குப் பயம் வந்துவிட்டது. மூன்றாவது மாதத்திலிருந்து பழையபடி எல்லாம் போகிறது. வாங்கியவர்கள் ருசிக்காகத்தான் வந்திருக்கிறார்கள்.

இந்தத் தாளை ஒவ்வொருவருக்கும் போடுங்கள். பொருள், எரிபொருள், அரைப்பு, கவர், போக்குவரத்து, மேசைப் பணம், வீணாவது, உங்கள் மணி நேரம். எட்டு வரி. கடைசி வரியை எழுதப் பெண்கள் கூச்சப்படுவார்கள். "வீட்லதானே இருக்கேன், சும்மா இருக்கிற நேரத்தில செய்றது" என்பார்கள். யாரும் சும்மா இருப்பதில்லை; காலை 4 மணிக்கு எழுந்து வறுத்ததைத்தான் சும்மா இருந்த நேரம் என்கிறார்கள். அந்த வரியை விடாதீர்கள். விலை கூடினால் விற்காது என்றால் அளவைக் குறைத்துப் பாருங்கள், கவரை மாற்றிப் பாருங்கள், அல்லது அந்தப் பொருளையே விட்டுவிட்டு வேறு செய்யலாம். கூலியில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

இரண்டு மேசைக்காரர்கள் ஒருவருக்கொருவர் போட்டி போட்டு விலை குறைப்பதும் எங்கள் சந்தையில் கிடையாது. காலையில் பலகையில் எழுதிய விலைதான் சாயங்காலம் வரை. கடைசி ஒரு மணி நேரத்தில் பாதி விலை என்று ஒரு தடவை ஆரம்பித்தால், அடுத்த மாதம் எல்லாரும் அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் வருவார்கள்.

பணம் யார் கணக்கில் போகிறது?

வாழைநாரில் பை முடைகிற ஒரு பெண் ஒரு சந்தையில் 2,340 ரூபாய்க்கு விற்றாள். முடிந்து மேசையை மடக்கும்போது என்னிடம் வந்து மெதுவாக, "அக்கா, ஆட்டோவுக்கு ஒரு நூறு ரூபா இருக்குமா?" என்றாள். கையில் இருந்தது 60 ரூபாய். மற்ற எல்லாமே க்யூஆர் கோடு ஸ்கேன் செய்து கட்டியது. அந்தக் க்யூஆர் கோடு அவள் கணவருடையது.

அவர் கெட்ட மனிதர் இல்லை. கணக்கில் பணம் இருந்தது, அன்றைக்கு வண்டித் தவணை, பிடித்துவிட்டார்கள். ஆனால் அடுத்த மாதத்துக்கு நார் வாங்க இவளிடம் ஒன்றும் இல்லை. ஒரு மாதம் வரவில்லை. அதன் பிறகு ஒரு விதி போட்டோம்: மேசையில் வைக்கும் க்யூஆர் கோடு, கடை போடும் பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும். ஸ்கேன் செய்தால் அவள் பெயர்தான் திரையில் வர வேண்டும். காலையில் ஒவ்வொரு மேசையிலும் நானே ஒரு ரூபாய் அனுப்பிப் பார்ப்பேன்.

இதற்கு இரண்டு வாரம் முன்பே வேலை ஆரம்பிக்க வேண்டும். குழுவில் இருக்கும் பெண்களுக்குப் பெரும்பாலும் வங்கிக் கணக்கு இருக்கும். சிக்கல் வேறு இடத்தில். கணக்கோடு சேர்த்திருக்கும் கைப்பேசி எண் மகனுடையதாகவோ கணவருடையதாகவோ இருக்கும். கிளைக்கு நேரில் போய், படிவம் எழுதிக் கொடுத்து, எண்ணைத் தன் எண்ணாக மாற்ற வேண்டும். அப்புறம் தன் கைப்பேசியில் ஆப்பை ஏற்றி, டெபிட் கார்டோ ஆதாரோ வைத்து ரகசிய எண்ணைப் போட வேண்டும். அந்த எண்ணை அவளே அழுத்தட்டும். "தம்பி பாத்துக்குவான்" என்றால், இந்த ஒன்றை மட்டும் நீங்களே செய்யுங்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத 58 வயது அம்மா ஒருவர் மூன்றாவது நாளில் கற்றுக்கொண்டார்.

இன்னொன்று. பணம் அனுப்பியதாகத் திரையைக் காட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பழைய படத்தைக் காட்டுவார்கள். கூட்டத்தில் தெரியாது. அவர்கள் கைப்பேசியைப் பார்க்காதீர்கள், உங்கள் கைப்பேசியைப் பாருங்கள். சத்தம் போட்டுச் சொல்கிற பெட்டி இருந்தால் நல்லது. பணம் வாங்குவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவைப்படாது, யார் கேட்டாலும் அழுத்தக் கூடாது.

காகிதங்கள்

உணவுப் பொருள் விற்கிற எல்லாருக்கும், வீட்டில் செய்பவருக்கும், உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு வேண்டும். சிறு அளவில் செய்பவர்களுக்கு எளிய பதிவு. நாங்கள் எடுத்தபோது கட்டணம் வருடத்துக்கு 100 ரூபாய். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், புகைப்படமும் அடையாள அட்டையும் போதும். 14 இலக்க எண் வரும், அதை ஒவ்வொரு பாக்கெட்டிலும் போட வேண்டும். இதற்கு ஆயிரக்கணக்கில் கேட்கும் ஆட்களிடம் போகாதீர்கள். உத்யம் என்கிற சிறுதொழில் பதிவும் அப்படித்தான். 2020 ஜூலை 1 முதல் இருக்கிறது, ஆதாரும் பான் எண்ணும் வேண்டும், முற்றிலும் இலவசம். வங்கிக் கடனுக்குப் போகும்போது அது உதவும். ஜிஎஸ்டி பற்றி எல்லாரும் பயப்படுவார்கள். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு வருட விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டினால்தான் அந்தப் பேச்சு. வெளி மாநிலக் கண்காட்சிக்குப் போகிறீர்கள் என்றால் விதி வேறு, ஒரு ஆடிட்டரைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

லேபிளில் பொருளின் பெயர், அதிகம் சேர்த்ததிலிருந்து குறைவாகச் சேர்த்தது வரை வரிசையாக என்னென்ன சேர்த்தது, நிகர எடை, செய்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், தொகுதி (பேட்ச்) எண், விலை, செய்தவர் பெயரும் முகவரியும், தொடர்பு எண், சைவத்துக்குப் பச்சைப் புள்ளி. இவ்வளவும் ஒரு சின்னத் தாளில் அடங்கும். வெயிலில் வியர்த்தாலும் எழுத்து கலையாத மாதிரி அச்சிடுங்கள். ஊர்ப் பெயரைப் போடுவதில் கவனம் வேண்டும். மணப்பாறை முறுக்குக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. நம் வீட்டு அடுப்பில் போட்டதற்கு அந்தப் பெயர் வைக்கக் கூடாது. நம் முறுக்குக்கு நம் தெருப் பெயரே போதும்.

சோப்பு, முகத்துக்குப் பூசும் கிரீம், தலைக்கு எண்ணெய் செய்து விற்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். இது பலருக்குத் தெரியாது. உரிமம் இல்லாதவர்களிடம் மேசைப் பணம் வாங்கும் முன்பே சொல்லிவிடுகிறோம். அதே மாதிரி, "சர்க்கரை நோய் குணமாகும்" என்று எந்தப் பொடியின் மேலும் எழுதவிட மாட்டோம். சட்டப்படியும் தப்பு. அதைவிட, அதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன செய்வது?

மின்னணுத் தராசு வைத்து நிறுத்து விற்பவர்கள் அதற்கு வருடாவருடம் முத்திரை வாங்கியிருக்க வேண்டும். நாங்கள் சந்தைக்கென்று ஒரு மின்னணுத் தராசு வாங்கி, முத்திரை போட்டு, வாசலில் பொது மேசையில் வைத்திருக்கிறோம். வாங்கியவர் யாரானாலும் போகும்போது நிறுத்துப் பார்க்கலாம். கேள்வியே கேட்க மாட்டோம். அது அங்கே இருப்பதாலேயே யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை.

சந்தை அன்று

காலை 8 மணிக்குக் கதவு திறக்க வேண்டும். அடுப்பு வைத்துப் பணியாரம், பஜ்ஜி போடுகிறவர்கள் வாசலுக்கு வெளியே, காற்று போகிற பக்கம். வாசனை ஆளை இழுக்கும், புகை புடவை மேசைக்கு வரக் கூடாது. நுழைந்ததும் முதல் மூன்று மேசையில் புதிதாக வந்தவர்களை வையுங்கள். பழையவர்களை வாடிக்கையாளர்கள் தேடிக்கொண்டு உள்ளே போவார்கள். எங்களில் சிலருக்கு இது முதலில் பிடிக்கவில்லை. எல்லாரும் ஒரு நாள் புதிதாக வந்தவர்கள்தானே என்று பேசி முடித்தோம்.

10, 20 ரூபாய்ச் சில்லறையாக 2,000 ரூபாய் பொது மேசையில் இருக்கட்டும். முதல் போணியில் சில்லறை இல்லை என்று ஒரு ஆளைத் திருப்பி அனுப்பினால் அந்தப் பெண்ணுக்கு நாள் முழுக்க மனசு அடித்துக்கொள்ளும். 11 மணி வரை யாருக்காவது போணி ஆகவில்லை என்றால் நானே போய் ஏதாவது ஒன்று வாங்குவேன். வீட்டுக்கு வேண்டியதைத்தான் வாங்குகிறேன், தயவுக்காக இல்லை.

2019இல் பிளாஸ்டிக் தடை வந்ததிலிருந்து கேரி பேக் கிடையாது. மஞ்சப்பையும் பழைய துணிப் பையும் தைக்கிற ஒருவருக்கு வாசலிலேயே இடம் கொடுத்துவிடுங்கள். அன்றைக்கு அதிகம் விற்பது பெரும்பாலும் அவர்தான்.

குழந்தைகள் வருவார்கள். தூக்கி வைத்துக்கொண்டே வியாபாரம் பார்க்கிற தாய்மார்கள் இருப்பார்கள். ஒரு மூலையில் பாய் விரித்து, ஒரு பாட்டியை உட்காரவைத்துவிட்டால் போதும். அவருக்கு அன்று மதியச் சாப்பாடும் 300 ரூபாயும் சந்தைக் கணக்கிலிருந்து. இதையும் வேலை என்றுதான் கணக்கில் எழுதுகிறோம்.

சந்தை முடிந்த பிறகு

அடுத்த புதன்கிழமை ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஒரு நீள நோட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். எவ்வளவு கொண்டுவந்தாய், எவ்வளவு விற்றது, எது மிஞ்சியது, எத்தனை பேர் எண் வாங்கிக்கொண்டு போனார்கள். கடைசிக் கேள்வியைத்தான் நான் ரொம்பக் கவனிப்பேன். சந்தை மாதம் ஒரு நாள். மற்ற 29 நாளும் போனில் ஆர்டர் வந்தால்தான் வீடு நடக்கும். பாக்கெட்டுக்குள் ஒரு துண்டுச் சீட்டு போடச் சொல்கிறோம், பெயர், வாட்ஸ்அப் எண், அடுத்த சந்தை தேதி. வாங்கியவரைக் கேட்காமல் குழுவில் சேர்க்கக் கூடாது, தினமும் காலை வணக்கம் அனுப்பக் கூடாது. வாரத்துக்கு ஒரு தடவை, இந்த வாரம் என்ன செய்கிறேன், எப்போது கிடைக்கும், என்ன விலை, அவ்வளவு போதும்.

ஒருவர் தொடர்ந்து நான்கு மாதம் நன்றாக விற்றால் அடுத்த படிக்கு அனுப்பிவையுங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் மகளிர் திட்ட அலுவலகம் இருக்கிறது. 1983இல் தொடங்கிய தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனத்தின் கீழ் குழுப் பொருள்களை 'மதி' என்ற பெயரில் விற்கிறார்கள்; கண்காட்சிகள், கல்லூரிச் சந்தைகளில் இடம் தருவார்கள். சென்னை நுங்கம்பாக்கம் அன்னை தெரசா மகளிர் வளாகத்தில் அவர்களுக்கு விற்பனை இடம் இருக்கிறது. வாழைப் பக்கம் வேலை செய்கிறவர்கள் திருச்சியில் இருக்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் பயிற்சி கேட்கலாம். எங்கள் தொட்டியம் பெண் வாழைக்காய் மாவு செய்யக் கற்றது அங்கேதான். ஆனால் கண்காட்சிக்குக் கூப்பிட்டார்களே என்று 200 கிலோ செய்துவிடாதீர்கள். முதல் தடவை 20 கிலோ கொண்டுபோய், மீதிக்கு ஆர்டர் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.

கணக்கு நோட்டு ஒருவரிடமே இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. நான் இரண்டு வருடம் வைத்திருந்து கொடுத்துவிட்டேன். இப்போது அது மணப்பாறை அக்காவிடம் இருக்கிறது. அவர் எழுதுவதில்லை, பேத்தியை எழுதவைத்து மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்கிறார். தன் பக்கத்தை எப்போதும் கடைசியில் படிக்கச் சொல்வார். போன மாதம் கொண்டுவந்தது ஒரு தூக்கு, ஆர்டர் எழுதி வாங்கிக்கொண்டு போனது 14 கிலோ.